மறைந்த கோடும் நீங்கிய கோடும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,

இந்த வாரத் தியானத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் உங்களில் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். துணியை வெட்டுகிற கருவிகளையும் துணியின்மேல் கோடு வரைகிற கருவிகளையும் பற்றி எழுதப் போகிறேன். செவ்வாய்க்கிழமை காலைகளில் ஆலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நடைபெறும் வேலையை அறிந்தவர்கள் வியப்படைய மாட்டார்கள். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நமக்கு ஆராதனைக்கு இடம் தந்திருக்கும் லூத்தரன் சபையின் மூதாட்டிகள் பல்லாண்டுகளாக ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து வருகிறார்கள். குவில்ட் என்று இந்த ஊரார் அழைக்கும் அப்போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் மற்றொரு துணி. மூன்றையும் ஊடுருவித் தையல் ஓட்டியோ முடிச்சிட்டோ ஒன்றாக்குகிறார்கள். 1945-இல் தொடங்கப்பட்ட லூத்தரன் உலக நிவாரண அமைப்பின் வழியாக இப்போர்வைகள் போரினாலும் பேரிடரினாலும் வீடிழந்தவர்களைச் சென்றடைகின்றன. 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம் என்பது அந்த அமைப்பு கேட்கும் அளவு. பெறுகிறவர்கள் அதைப் போர்த்திக்கொள்கிறார்கள். தரையில் விரித்துப் படுக்கிறார்கள். கூடாரத்துக்குத் தடுப்பாகக் கட்டுகிறார்கள். குழந்தையை முதுகில் சேர்த்துக் கட்டிக்கொள்ளவும் பயன்படுத்துகிறார்கள். இந்தக் குளிர்காலத்தில் நமது பெண்கள் ஐக்கியமும் அந்த மூதாட்டிகளோடு சேர்ந்து 12 போர்வைகள் தைத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறது.

அதில் எனக்குக் கிடைத்த பங்கு சிறியது. புதிதாகத் தைக்க வருகிறவர்களுக்கு எந்தக் கருவிகளை வாங்கிக் கொடுக்கலாம் என்று சோதித்துப் பார்க்கும் பொறுப்பு இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருவர், நாகர்கோவிலில் நாற்பது ஆண்டுகள் தையற்கடை நடத்திவிட்டு இப்போது மினசோட்டாவில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் நம் அண்ணாச்சி. மற்றவர், செவ்வாய்க்கிழமைகளில் கூடத்தின் சாவியை வைத்திருக்கும் காரணத்தால் நான். மூன்று வாரங்கள் நாங்கள் இருவரும் வெட்டியும் வரைந்தும் துவைத்தும் பார்த்தோம். அந்த மூன்று வாரங்களும் எனக்கு ஓர் இறையியல் வகுப்பாகவே அமைந்தன.

முதலில் வெட்டும் கருவியைச் சொல்கிறேன். அண்ணாச்சி தமது பழைய கத்தரிக்கோலைக் கொண்டுவந்திருந்தார். அதன் கைப்பிடியில் பெருவிரல் நுழையும் இடம் தேய்ந்து பளபளத்தது. மூதாட்டிகள் எங்கள் முன் வைத்ததோ ரோட்டரி கட்டர். கைப்பிடியின் நுனியில் வட்டமான கத்தி பொருத்தப்பட்டு, சக்கரம் போல உருண்டுகொண்டே வெட்டும் கருவி அது. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் அறிமுகப்படுத்தியது. இங்கே பெரும்பாலானோர் பயன்படுத்துவது 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகடு. மேசையின்மேல் அதற்கென்று உள்ள தடித்த பாயை விரித்து, அதன்மேல் துணியை மடித்து வைத்து, மேலே ஊடுருவித் தெரியும் அக்ரிலிக் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஸ்கேலின் விளிம்பை ஒட்டிக் கத்தியை நம்மைவிட்டு அப்பால் தள்ள வேண்டும். ஒரே தள்ளலில் நான்கு மடிப்புத் துணி அறுபடும். கோடு வரைய வேண்டிய தேவையே இல்லை; ஸ்கேலிலுள்ள கோடுகளே போதும்.

அண்ணாச்சி ஒருமுறை வெட்டிப் பார்த்தார். நான்கு துண்டுகளையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சரிபார்த்தார். பிறகு சொன்னார்: “வேகம் நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா கை கோணினா நாலும் சேர்ந்தே கோணிப்போகும்.”

அவர் சொன்னது துணிக்கு மட்டும் உரியதன்று என்பதை நீங்கள் உணர்வீர்கள். கத்தரிக்கோல் மெதுவாக வெட்டும், பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். இந்தச் சுழல் கத்திக்கு அந்தப் பொறுமை இல்லை. அதனால்தான் ஒவ்வொரு முறை வெட்டி முடித்ததும் கத்தியின்மேல் உறையை இழுத்து மூடிவிட்டே கருவியைக் கீழே வைக்க வேண்டும் என்று மூதாட்டிகள் கண்டிப்பாகச் சொன்னார்கள். அடுத்த வெட்டு அரை நிமிடத்தில் வரப்போகிறது என்றாலும் மூட வேண்டும். அந்தக் கூடத்தில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இருக்கிறார். அவர் பேசிக்கொண்டே வெட்டுவார். கத்தியைக் கீழே வைக்கும்போது அவருடைய கட்டைவிரல் தானாகவே உறையை மூடிவிடும். நாவைக் குறித்து யாக்கோபு எழுதிய மூன்றாம் அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தபோது, நாவடக்கம் என்பது பெரிய தீர்மானமாக இருப்பதைவிட இப்படிப்பட்ட சிறு பழக்கமாக இருந்தால்தான் நிலைக்கும் என்று தோன்றியது.

இன்னொன்றையும் கவனித்தோம். ஒரு பழைய தகட்டால் வெட்டியபோது, வெட்டிய துணி முழுவதும் பிரியாமல் அங்கங்கே ஓர் இழையில் தொங்கியது. துணியின் குறை என்றுதான் முதலில் நினைத்தோம். அண்ணாச்சி நாடாவை எடுத்து அளந்தார். அறுபடாத இழைகள் ஏறத்தாழ ஐந்தரை அங்குலத்துக்கு ஒன்றாக, ஒரே இடைவெளியில் இருந்தன. 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகட்டின் சுற்றளவு சுமார் 141 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அங்குலம். குண்டூசியின்மேல் ஏறியதால் கத்தி விளிம்பில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளம் ஒவ்வொரு சுற்றிலும் துணியைத் தொடும்போது அங்கே ஓர் இழை தப்பிவிடுகிறது. சில வீடுகளில் ஒரே சண்டை மாதந்தோறும் தலைகாட்டுகிறது. நாள் வேறு, காரணம் வேறு, வார்த்தை மட்டும் அதே வார்த்தை. அப்படிப்பட்ட இடத்தில் துணியைப் பழிப்பதை நிறுத்திவிட்டு நாடாவை எடுத்து அளந்து பார்ப்பது நல்லது.

வெட்டுவதில் நான் கற்ற மிகப் பெரிய பாடம் கால் அங்குலத்தைப் பற்றியது. நமது போர்வைக்குப் பத்து அங்குலச் சதுரங்களை அகலத்துக்கு ஆறும் நீளத்துக்கு எட்டுமாக, மொத்தம் 48 வைத்திருக்கிறோம். ஆனால் எந்தச் சதுரத்தையும் பத்து அங்குலத்துக்கு வெட்டுவதில்லை. பத்தரை அங்குலத்துக்கு வெட்டுகிறோம். ஏனென்றால் இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும்போது ஒவ்வொன்றின் ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய் மறைந்துவிடும். ஒரு சதுரத்துக்கு இருபுறமும் தையல் வருவதால் அரை அங்குலம் போய்விடுகிறது. அளவில் அரைக்கால் அங்குலம் குறைத்து வெட்டினால், எட்டுத் துண்டுகளைச் சேர்த்த வரிசையில் ஒரு முழு அங்குலம் குறைந்துவிடும். அடுத்த வரிசையின் மூலைகள் இதனோடு பொருந்தாது.

தையலுக்குள் போகும் அந்தக் கால் அங்குலத்தில் பூ இருந்தாலும் பொன்னிறக் கரை இருந்தாலும் போர்வையில் அது தெரியாது. ஆனால் அதுதான் போர்வையைத் தாங்குகிறது. ஒரு துண்டு மட்டும் கால் அங்குலம் கொடுத்து, மற்றது தன் ஓரத்தை நூலிழையும் இழக்க மாட்டேன் என்று நின்றால், தையல் விளிம்பில் பட்டு, முதல் துவைப்பிலேயே பிரிந்துபோகும். இணைந்திருக்கிற எந்த இரண்டு துண்டுகளும் தங்கள் அகலத்தில் சிறிதை இழந்துதான் இணைந்திருக்கின்றன. திருமணமானாலும் சபையானாலும் இதற்கு விலக்கு இல்லை.

இனி, கோடு வரைகிற கருவிகள். துண்டுகளை இணைத்து முடித்த மேல்துணியின்மேல், எங்கே தையல் ஓட வேண்டும், எங்கே முடிச்சு விழ வேண்டும் என்று அடையாளம் இட வேண்டும். இந்த அடையாளம் போர்வையின் முகப்பிலேயே விழுகிறது. வேலை நடக்கும்வரை அது தெளிவாகத் தெரிய வேண்டும். வேலை முடிந்ததும் தடயமின்றி நீங்க வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரச் செய்யும் கருவி கிடைப்பது எளிதன்று. ஆறு கருவிகளை எடுத்துக்கொண்டோம். வெள்ளை, நடுத்தர நிறம், அடர்நிறம் என மூவகைத் துணிகளில் ஒவ்வொன்றாலும் கோடு வரைந்து பார்த்தோம்.

தையல் சாக்பீஸ் அடர்நிறத் துணியில் நன்றாகத் தெரிந்தது. ஆனால் துணியை இரண்டுமுறை மடித்து விரித்தாலே உதிர்ந்துபோயிற்று. ஊதா நிறப் பேனா ஒன்று காற்றிலேயே தானாக மறைந்துவிடும். செவ்வாய்க்கிழமை வரைந்த கோடு வியாழக்கிழமை இல்லை. தையல் மட்டும் அப்படியே பாக்கி இருந்தது. கூட்டங்களின் முடிவில் நாம் எடுக்கும் சில தீர்மானங்களை அது எனக்கு நினைவூட்டியது. ஹெரா என்றொரு ஜப்பானியக் கருவி உண்டு. மழுங்கிய விளிம்புள்ள சிறு தகடு அது. அழுத்தி இழுத்தால் துணியில் ஒரு மடிப்புத் தடம் விழும். மை இல்லை, கறை என்ற பேச்சே இல்லை. சாய்வான வெளிச்சத்தில் மட்டும் தெரியும்; என் வயதுக் கண்களுக்கு அதுவும் சிரமம்.

அண்ணாச்சி தம் சட்டைப் பையிலிருந்து எடுத்தது, தேய்ந்து மெலிந்த ஒரு சோப்புத் துண்டு. எண்ணெய்ப் பசை இல்லாத சாதாரணச் சோப்பு. ஊரில் எத்தனையோ தையற்காரர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மெல்லிய விளிம்பால் அடர்நிறத் துணியில் வெண்கோடு அழகாக விழுந்தது. “இது போகுமா போகாதான்னு யாரும் பயப்பட வேண்டாம் ஐயா. துவைக்கிற சாமானாலதான் கோடே போட்டிருக்கோம்” என்றார்.

மீதியிருந்தவை இரண்டு பேனாக்கள். ஒன்று, தண்ணீரில் கரையும் நீல மை. மற்றொன்று, சூட்டில் மறையும் மை. சூட்டில் மறையும் பேனாவைக் கண்டு எல்லோருக்கும் மகிழ்ச்சி. கோடு மெல்லியதாகவும் தெளிவாகவும் விழுந்தது, உதிரவில்லை. தைத்து முடித்து இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை ஓட்டினால் போதும். கோடு கண்முன்னே மறைந்தது. துவைக்க வேண்டாம், காயவைக்க வேண்டாம். எல்லோருக்கும் இதையே வாங்கலாம் என்ற பேச்சும் எழுந்தது.

அப்போது அந்த எண்பது வயது அம்மையார், “இன்றிரவு அந்தத் துணிகளை வெளியே வையுங்கள்” என்றார். காரணம் சொல்லவில்லை. ஜனவரி மாதத்து மினசோட்டா இரவு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றிரவு உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸுக்கும் அதிகமாகக் குளிர் இறங்கியது. மறுநாள் காலையில் ஆலயத்தின் பின்கதவைத் திறந்து துணிகளை எடுத்தபோது, இஸ்திரியில் மறைந்த கோடுகள் யாவும் திரும்பி வந்திருந்தன. வரைந்த அதே இடத்தில், அதே வளைவோடு, பேனா சற்றுத் தயங்கிய இடத்தில் விழுந்த சிறு புள்ளி உட்பட.

இதன் காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். அந்த மை நுண்ணிய உறைகளால் ஆனது. உறைக்குள் நிறப்பொருளும், அதன் நிறத்தை வெளிப்படுத்தும் மற்றொரு பொருளும் இணைந்திருக்கின்றன. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்த இணைப்பு விடுபடுகிறது, நிறம் மறைகிறது. கடுங்குளிரில் அவை மறுபடியும் இணைகின்றன; நிறம் திரும்புகிறது. ஆக, இஸ்திரிப் பெட்டி எதையும் நீக்கவில்லை. மை முழுவதும் துணிக்குள்ளேயே இருந்தது. நம் கண்கள் மட்டும் அதைக் காணாமல் இருந்தன.

பிரியமானவர்களே, இந்த இடத்தில்தான் நான் உங்களோடு மனம்விட்டுப் பேச விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு நம் சபையின் பொதுக்கூட்டத்தில், பிள்ளைகளுக்காக ஆராதனையின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் நடத்துவதைக் குறித்து விவாதம் எழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரு பக்கமும் அன்பினாலேயே பேசியது. தமிழில் ஜெபிக்கத் தெரியாத பேரப்பிள்ளையை எண்ணி ஒருவர் கலங்கினார். பொருள் புரியாமல் ஆலயத்தில் உட்கார்ந்திருக்கும் மகளை எண்ணி மற்றொருவர் கலங்கினார். ஆனால் கூட்டத்தின் கடைசிக் கால்மணி நேரத்தில் சொல்லப்பட்ட சில வார்த்தைகள் நான்கு மடிப்பையும் ஒரே தள்ளலில் வெட்டின. அவை எதிரே நின்றவரை மட்டும் தொடவில்லை. அவருடைய வீட்டாரையும், பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களையும் தொட்டன. அதற்குப் பிறகு ஒரு குடும்பம் ஆராதனைக்கு வருவதை நிறுத்திக்கொண்டது. வருகிறவர்களிலும் சிலர் ஆராதனை முடிந்து தேநீர் மேசைக்கு வருவதில்லை.

சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிட்டதாகத் தோன்றியது. ‘பழையதைக் கிளற வேண்டாம்’ என்று பலர் என்னிடம் சொன்னார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். கோடையும் இலையுதிர்காலமும் அமைதியாகக் கழிந்தன. டிசம்பரில் கிறிஸ்துமஸ் பவனிக்குப் பாடல்களைத் தெரிவுசெய்ய உட்கார்ந்தபோது, தமிழ்ப் பாடல்கள் எத்தனை, ஆங்கிலப் பாடல்கள் எத்தனை என்று ஒருவர் கேட்டார். ஐந்து நிமிடங்களில் பொதுக்கூட்டத்தின் அதே வார்த்தைகள், அதே வரிசையில் திரும்பி வந்தன. ஆலயத்தின் பின்கதவில் அந்தத் துணிகளைக் கையில் எடுத்தபோது எனக்கு அந்த மாலைதான் நினைவுக்கு வந்தது.

எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கேள்வியை ஜெபத்தோடும் பொறுமையோடும் நாம் அனைவரும் சேர்ந்து தீர்மானிப்போம். அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. நமக்குள் இருந்த கோடு நீங்கிற்றா, அல்லது மறைந்து மட்டும் இருந்ததா?

இறையியல் கல்லூரியில் எபிரெயம் கற்ற நாட்களில் மனதில் பதிந்த ஒரு குறிப்பை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கழுவுதலுக்குப் பழைய ஏற்பாட்டில் இரண்டு வினைச்சொற்கள் மிகுதியாக வருகின்றன. உடலைக் கழுவுவதற்கு ‘ராகாட்ஸ்’. துணியைத் துவைத்து வெளுப்பதற்கு ‘காபாஸ்’. லேவியராகமம் 15-ஆம் அதிகாரத்தில் இரண்டும் அருகருகே வருவதைக் காணலாம். 51-ஆம் சங்கீதத்தில் தன் பாவத்தைக் கழுவும்படி தாவீது மன்றாடும்போது, 2-ஆம் வசனத்திலும் 7-ஆம் வசனத்திலும் பயன்படுத்துவது இரண்டாவது சொல்லை. முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொள்வது போன்ற கழுவுதலை அவன் கேட்கவில்லை. ஒரு துணியைப் போலத் தன்னைக் கர்த்தருடைய கையில் கொடுக்கிறான். ஊரில் வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து, பிழிந்து, வெயிலில் உலர்த்தும் வேலையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஜெபம் எத்தனை துணிவானது என்பது புரியும். துவைக்கப்படுவது துணிக்கு இதமான காரியமன்று.

வேதத்தை ஆழ்ந்து வாசிக்கிற உங்களில் ஒருவர் இங்கே ஒரு கேள்வி எழுப்பக்கூடும். 32-ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில், பாவம் மூடப்பட்ட மனிதனைப் பாக்கியவான் என்று தாவீதே சொல்கிறானே. மூடுதல் அங்கே நன்மையாக அல்லவா இருக்கிறது? நியாயமான கேள்வி. அதே சங்கீதத்தின் 5-ஆம் வசனத்தைப் பாருங்கள். தன் அக்கிரமத்தைத் தான் மறைக்கவில்லை என்று தாவீது அங்கே அறிக்கையிடுகிறான். முதல் வசனத்திலும் ஐந்தாம் வசனத்திலும் மூலமொழியில் வருவது ‘காஸா’ என்ற ஒரே வினைச்சொல். தன் குற்றத்தைத் தானே மூடுவதை மனிதன் கைவிடுகிறபோது, கர்த்தர் அதை மன்னித்து மூடுகிறார். இடையில் 3-ஆம், 4-ஆம் வசனங்களில், அவன் வாய்திறவாமல் இருந்த காலத்தில் அவன் எலும்பும் உயிர்ச்சாறும் உலர்ந்துபோன துன்பம் சொல்லப்படுகிறது. அந்த மௌனம்தான் தாவீதின் இஸ்திரிப் பெட்டி.

இனி, தண்ணீரில் கரையும் நீலப் பேனாவுக்கு வருகிறேன். இறுதியில் வெளிர்நிறத் துணிகளுக்கு நாங்கள் தெரிந்தெடுத்தது அதைத்தான். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரண்டும் நமக்கு வேண்டியவை.

முதலாவது, தண்ணீருக்கு முன்னால் சூடு படக் கூடாது. கோட்டை நீக்காமல் இஸ்திரி போட்டுவிட்டால் நீல மை நிரந்தரக் கறையாகத் துணியில் பதிந்துவிடக்கூடும். இஸ்திரிப் பெட்டி தீயதன்று; துவைத்துக் காய்ந்த துணிக்கு அது வேண்டியதே. முறைதான் முக்கியம். ஒப்புரவாகாத இருவரைக் கைகுலுக்கவைத்து, புகைப்படம் எடுத்து, சமாதானம் ஆகிவிட்டது என்று அறிவிப்பது ஈரம் படாத துணியில் ஓட்டும் இஸ்திரி. வருத்தம் அப்போதுதான் ஆழமாகப் பதியும்.

இரண்டாவது, தண்ணீர் போதுமான அளவு இருக்க வேண்டும். ஈரத் துணியால் கோட்டின்மேல் ஒற்றிப் பார்த்தோம். கோடு உடனே மறைந்தது. ஆனால் துணி உலர்ந்ததும் அங்கங்கே நீலம் மறுபடியும் தலைகாட்டிற்று. மேல்துணியிலிருந்து கீழே பஞ்சுக்குள் இறங்கிய மை, ஈரம் உலரும்போது மேலே ஏறி வந்துவிடுகிறது. மூன்று அடுக்குகளும் குளிர்ந்த நீரில் முழுவதும் நனைந்தால்தான் அது வெளியேறும். ‘ஏதாவது தவறாகச் சொல்லியிருந்தால் மன்னித்துவிடுங்கள்’ என்று நாம் சொல்வதுண்டு. அது ஈரத் துணியால் ஒற்றுவது. ‘அன்று கூட்டத்தில் உங்கள் பிள்ளை வளர்ப்பைக் குறித்து நான் இன்ன வார்த்தையைச் சொன்னேன், அது உங்களைப் புண்படுத்தியது, என்னை மன்னியுங்கள்’ என்று சொல்வது தொட்டி நிறையத் தண்ணீரில் அமிழ்த்துவது. முன்னது நம் மேல்துணியை மட்டும் தொடும். பின்னது பஞ்சுவரை இறங்கும்.

கேட்கிறவருக்கும் ஒரு பங்கு உண்டு. அவரும் தம் ஓரத்தில் கால் அங்குலம் கொடுக்க வேண்டியிருக்கும். என் பக்கமே முற்றிலும் சரி என்ற அந்த ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு யாரும் யாரோடும் சேர்த்துத் தைக்கப்பட முடியாது. கொடுத்த கால் அங்குலம் வெளியே தெரியாது. அதற்காக யாரும் நம்மைப் பாராட்டப்போவதும் இல்லை. ஆனால் சபை என்னும் போர்வை அப்படித் தெரியாமல் போன ஓரங்களால்தான் நிற்கிறது.

வருகிற மாதத்தின் முதல் ஞாயிறு நாம் திருவிருந்துக்குக் கூடுகிறோம். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வருகிறவன், தன்மேல் மனத்தாங்கல் கொண்ட சகோதரன் ஒருவன் உண்டென்று அங்கே நினைவுகூர்ந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதை நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் போதித்திருக்கிறார். மத்தேயு 5-ஆம் அதிகாரம், 23, 24 வசனங்களை இந்த வாரம் உங்கள் வீட்டு ஜெபத்தில் வாசியுங்கள். அங்கே யாருடைய பக்கம் நியாயம் என்ற விசாரணை இல்லை என்பதைக் கவனியுங்கள். நினைவுக்கு வந்தவன் எழுந்து புறப்பட வேண்டும், அவ்வளவே. இந்த மூன்று வாரங்களுக்குள் உங்களில் சிலர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். தனியே செல்லத் தயக்கமாக இருந்தால் என்னை அழையுங்கள், உடன் வருகிறேன். வராமல் நின்றுவிட்ட நம் குடும்பத்தாரும் இதை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் வரிசை இன்னும் உங்களுக்காகவே இருக்கிறது. பேசாமல் திரும்பி வாருங்கள் என்று உங்களை நான் அழைக்கவில்லை. வந்து பேசுங்கள், கேட்க ஆயத்தமாக இருக்கிறோம்.

கருவிகளைப் பற்றிய எங்கள் முடிவையும் தெரிவிக்க வேண்டும் அல்லவா? அடர்நிறத் துணிகளுக்குச் சோப்புத் துண்டு. வீடுகளில் சேர்ந்திருக்கும் மெல்லிய துண்டுகளைக் கொண்டுவாருங்கள். வெளிர்நிறத் துணிகளுக்குத் தண்ணீரில் கரையும் நீலப் பேனா. வெட்டுவதற்கு 45 மில்லிமீட்டர் ரோட்டரி கட்டர் நான்கும், பாய்கள் இரண்டும் வாங்குகிறோம். பாயை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். சூட்டில் வளைந்தால் மறுபடி சமதளமாகாது. சூட்டில் மறையும் பேனாவைப் போர்வையின் முகப்பில் பயன்படுத்த வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறோம். காரணம் எளிது. நமது போர்வைகள் குளிரில் நடுங்குகிறவர்களிடம் செல்கின்றன. போர்வை தேவைப்படுகிற அந்தக் கடுங்குளிர் இரவில்தான் நாம் மறைத்துவைத்த கோடுகள் அவர்களுடைய தோளின்மேல் வெளிப்படும்.

சபைக்கும் அப்படிப்பட்ட இரவுகள் வரும். ஒரு வீட்டில் மரணம் நேரிடும். ஒருவருக்கு வேலை போகும். ஒரு பிள்ளை வழிதப்பிப் போகும். அந்த இரவில் அவர்கள் நம்மை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தேடுவார்கள். அப்போது நம்மில் காணப்படுவது என்னவாக இருக்கும் என்பது இப்போது நாம் துவைக்கப்பட ஒப்புக்கொடுப்பதைப் பொறுத்திருக்கிறது. யோப்பாவில் தபீத்தாள் இறந்தபோது விதவைகள் அவள் தைத்துத் தந்த ஆடைகளைப் பேதுருவுக்கு எடுத்துக் காண்பித்தார்கள். ஒரு ஊழியத்தைக் குறித்து அதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. நம் கைகளின் வேலையும் அப்படி எடுத்துக் காண்பிக்கத் தக்கதாக இருக்கட்டும்.

ஜெபிப்போம்: இரக்கமுள்ள ஆண்டவரே, எங்கள் மௌனத்தால் நாங்கள் மறைத்துவைத்தவற்றை நீர் அறிந்திருக்கிறீர். எங்களை உமது கையில் ஒப்புக்கொடுக்கிறோம், உள்ளடுக்குவரை கழுவும். முதலில் புறப்பட்டுப் போகும் துணிவை ஒருவருக்கும், கதவைத் திறக்கும் மனதை மற்றவருக்கும் தாரும். நாங்கள் தைக்கும் போர்வைகளைப் பெறப்போகும் முகமறியா மக்களுக்கு அவை வெப்பத்தைத் தரும்படி ஆசீர்வதியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.

செவ்வாய் காலை பத்து மணிக்குக் கூடம் திறந்திருக்கும். தைக்கத் தெரியாதவர்களும் வரலாம். முடிச்சுப் போட அண்ணாச்சி கற்றுத் தருவார்.

உங்கள் ஊழியன்,
போதகர்